தீப்பெட்டி ஊரின் மாலை நேரம்

சிவகாசி, சாத்தூர் வட்டாரக் கிராமங்களுக்கு எண்பதுகளில் விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் வந்துவிடும். தூக்கம் கலையாத பிள்ளைகளைத் தூக்குவாளியோடு ஏற்றிப் போய்த் தீப்பெட்டி ஆபீஸில் இறக்கும். அவர்களில் பெண் பிள்ளைகளே அதிகம். கட்டையில் குச்சி அடுக்குவார்கள், லேபிள் ஒட்டுவார்கள். எண்ணிக்கைக்குத்தான் கூலி என்பதால் கை நின்றால் காசும் நின்றுவிடும். திரும்பி வரும்போது இருட்டியிருக்கும். விளையாட்டும் கிடையாது, பாடமும் கிடையாது. சலம் பென்னூர்கர் 1990-ல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படத்தில் அந்த வாழ்க்கையைப் பார்க்கலாம்.

1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1988-ல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கியபோது, முதலில் எடுத்துக்கொண்ட இடங்களில் சிவகாசியும் ஒன்று. வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளி, மதியச் சாப்பாடு, மாதம் 100 ரூபாய் உதவித்தொகை எல்லாம் கிடைத்தன. எனக்கு அந்த 100 ரூபாய்தான் முக்கியமாகப் படுகிறது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் வீட்டு வருமானத்தில் துண்டு விழும் என்பதை அரசாங்கம் வெளிப்படையாக ஒப்புக்கொண்ட தொகை அது.

இன்று அந்த விடிகாலை பஸ்ஸில் பிள்ளைகள் இல்லை. இது சிறிய மாற்றமல்ல. ஒரு தலைமுறையே போராடிப் பெற்றது. ஆனால், ஆபீஸை விட்டு வெளியேறிய வேலை வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொண்டது. பெட்டி ஒட்டும் அம்மாவுக்குப் பள்ளிவிட்டு வந்த மகள் கைகொடுப்பதை யார் போய்த் தடுப்பது? பள்ளி நேரம் போக மீதி நேரத்தில், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று 2016-ல் வந்த சட்டத் திருத்தமே இடம் விட்டிருக்கிறது. ஆகவே, சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் பிள்ளையின் நேரம் யாருக்கு என்ற இழுபறி இன்னும் ஓயவில்லை.

அந்த நேரத்தைப் பிள்ளைக்கென்று பிடித்துக்கொடுத்தது மாலை வகுப்பு. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், சிறு வகுப்புகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. அதற்குச் சில நாட்கள் முன்பு, அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில், விட்டுப்போன பாடத்தை ஈடுகட்டும் அரசின் மாலை வகுப்புத் திட்டமான 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு மணிக்குள் வகுப்பு. ஒரு தன்னார்வலருக்குச் சுமார் இருபது பிள்ளைகள். ஆறு மாதத்துக்கென்று தொடங்கிய திட்டம் பிறகு நீட்டிக்கப்பட்டது. தமிழ்நாடு முழுக்க ஏறக்குறைய இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

சொல்லிக்கொடுப்பவர் யார் என்பதில்தான், பகலில் வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு நடந்த பழைய இரவுப் பள்ளிக்கும் இந்த மாலை வகுப்புக்கும் பெரிய வித்தியாசம். அன்று சொல்லிக்கொடுக்க எங்கிருந்தோ ஒரு வாத்தியார் வர வேண்டும். அவருக்கு மாற்றலாகிவிட்டால் விளக்கு அணைந்துவிடும். இந்தத் திட்டத்தில் சொல்லிக்கொடுத்தவர் பிளஸ் டூ முடித்து அதே தெருவுக்கு வாழ வந்த மருமகள். ஒரு பிள்ளை இரண்டு நாள் வரவில்லையென்றால், வாசலில் நின்றே, “ஏன்க்கா, பாப்பாவைக் காணோம்?” என்று அம்மாவிடம் கேட்க அவரால் முடிந்தது. எந்த வீட்டில் ஆர்டர் வந்திருக்கிறது, எந்த வீட்டில் அப்பா குடித்துவிட்டு வருகிறார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இத்தனைக்கும் அவருக்கு மாதம் 1000 ரூபாய்தான் கொடுத்தார்கள். அதைச் சம்பளம் என்று சொல்ல வாய் வரவில்லை.

இன்னொரு குறையும் இருக்கிறது. திட்டத்தைத் தொடங்கும்போதே எட்டாம் வகுப்போடு எல்லை கட்டிவிட்டார்கள். ஆனால், பட்டாசு, தீப்பெட்டி போன்ற ஆபத்தான தொழில்களில் பதினெட்டு வயது வரை யாரையும் சேர்க்கக் கூடாது என்கிறது சட்டம். பதினான்கு வயதில் கணக்குப் புரியாமல் திணறி, பள்ளிக்கு மட்டம் போடத் தொடங்கும் பையனைத்தான் வேலை முதலில் கூப்பிடுகிறது. ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் அதே தெருவில், அதே அக்காவை வைத்தே மாலை வகுப்பு நடத்தலாம். பத்தாம் வகுப்புக் கணக்கை அவர் நடத்தத் தயங்கினால், கல்லூரியில் படிக்கும் அந்த ஊர்ப் பிள்ளை ஒருவரைத் துணைக்குச் சேர்த்து, இருவருக்கும் கௌரவமான சம்பளம் கொடுக்கட்டும்.