நொண்டுகிற கோழிக்குக் கத்தி தேவையில்லை

ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர் வளர்க்கும் சிறுவிடைக் கோழி ஒற்றைக் காலைத் தூக்கித் தூக்கி நடக்கிறதாம். வீட்டில் எல்லோரும் “அடிச்சுக் குழம்பு வெச்சிரலாம்” என்கிறார்களாம். “முட்டையிடுற கோழிங்க, மனசு வரல. காப்பாத்த முடியுமா?” என்று கேட்கிறார். பெரும்பாலும் முடியும்.

கோழிக்காலைப் போல என்னை வியக்க வைத்த உறுப்பு வேறில்லை. நாம் அதன் முழங்கால் என்று நினைப்பது உண்மையில் கணுக்கால். நிஜ முழங்கால் வயிற்றோரம் இறகுக்குள் மறைந்திருக்கிறது. காலின் தசைநாண்கள் அந்தக் கணுவின் பின்புறமாக இறங்கி, பாதத்தின் அடிவழியே விரல் நுனிவரை போகின்றன. கறிக்கடையில் வெட்டிப் போட்ட காலில் வெள்ளை நாணை இழுத்து, விரல்கள் மடங்குவதைப் பார்க்காத பிள்ளைகள் குறைவு. உயிருள்ள கோழிக்கும் அதேதான். மரக்கிளையில் குந்தியதும் கணு மடங்கும், நாண்கள் இழுபடும், விரல்கள் கிளையை இறுக்கிக்கொள்ளும். எழுந்து நின்றால் பிடி தளரும். என் பழைய சைக்கிளின் பிரேக் வயரைப் போல, இந்த நாண்கள் உறைக்குள் வழுக்கி ஓடுகின்றன. உறை நசுங்கினாலோ சீழ் பிடித்தாலோ ஓட்டம் நின்றுபோகும்.

ஆகவே முதலில் காலைப் பாருங்கள். பொழுது சாய்ந்து கோழி அடங்கியபின் துண்டில் சுற்றி மடியில் வைத்து, இரண்டு கால்களையும் ஒப்பிடுங்கள். விரலிடுக்கில் நைலான் நூலோ தலைமுடியோ சுற்றியிருக்கலாம். அது இறுகி ரத்தவோட்டம் நின்றால் விரல் கறுத்து உதிர்ந்துவிடும். சிறு கத்தரியால் பொறுமையாக வெட்டி எடுங்கள். உள்ளங்காலில் வீக்கமும் நடுவில் கறுப்புப் பொருக்கும் இருந்தால், முள்ளோ கல்லோ கிழித்த இடத்தில் கிருமி புகுந்திருக்கிறது. வெதுவெதுப்பான உப்புநீரில் ஊறவைத்து, துடைத்து, போவிடோன் அயோடின் தடவுங்கள். உள்ளே சீழ் கட்டியிருந்தால் நீங்களே கீறாதீர்கள். அது மருத்துவர் வேலை.

கணுவுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தால், பஞ்சு சுற்றி, இருபுறமும் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டலாம். விரல்கள் வெளியே தெரியட்டும். அவை வீங்கினாலோ குளிர்ந்தாலோ கட்டைத் தளர்த்துங்கள். மூன்று வாரம்போல் தனிக் கூடையில், தண்ணீரும் தீனியும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். கணுவுக்கு மேலே முறிவு என்றால் மருத்துவரிடம் தூக்கிப் போவதே நல்லது.

காயமே இல்லாமல் ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிக் கிடந்தால் அது மாரெக்ஸ் நோயாக இருக்கலாம். கால் விழுந்து கழுத்தும் திருகிக்கொண்டால் வெள்ளைக்கழிச்சலைச் சந்தேகியுங்கள். இரண்டுமே தொற்றுபவை. உடனே மற்றக் கோழிகளிடமிருந்து பிரித்து வையுங்கள்.

கோழிக்கு என்ன பெரிய வலி என்று கேட்பவர்கள் உண்டு. 2000-இல் பிரிட்டனில் வெளிவந்த ஓர் ஆய்வில், நொண்டும் பிராய்லர் கோழிகளுக்குச் சாதாரணத் தீனியும் வலிமருந்து கலந்த தீனியும் வைத்தார்கள். அதிகம் நொண்டியவை மருந்துத் தீனியை அதிகம் தின்றன. அதற்காக நம் டைக்ளோஃபினாக் மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். பறவைகளின் சிறுநீரகத்தை அது கெடுக்கும். அந்த மருந்து கொடுத்த மாடுகளின் சடலத்தைத் தின்று பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம்கூட்டமாகச் செத்த பிறகுதான், 2006-இல் நம் நாட்டில் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள்.

இவ்வளவு நுட்பமான காலைத்தான் நாம் கயிற்றால் இறுக்கிக் கட்டி, சைக்கிள் ஹேண்டில்பாரில் தலைகீழாகத் தொங்கவிட்டுச் சந்தைக்குக் கொண்டுபோகிறோம். கோழிக்கு நம்மைப் போன்ற உதரவிதானம் இல்லை. தலைகீழானால் குடல் முழுவதும் மூச்சுப் பைகள்மேல் சரிந்து மூச்சு முட்டும். தேவையற்ற வேதனை தரும்படி விலங்குகளைக் கொண்டுபோவது 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டத்துக்கு அஞ்சி வேண்டாம், நமக்கு முட்டை தரும் உயிர் என்பதற்காகவாவது ஒரு மூங்கில் கூடை வாங்குங்கள். வாசக அம்மா, இன்று மாலையே காலைப் பாருங்கள். பிடிபடவில்லை என்றால் அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் திறந்த கதவு கோழிக்கும் திறந்ததுதான்.