பழைய இஞ்சினுக்குப் புதிய உறுப்புகள்



பழுதுற்ற இஞ்சின் ஒன்றைப் பிரித்து, தேய்ந்தவற்றை நீக்கிப் புதியன பூட்டி மீண்டும் ஓடச் செய்வது ஒரு கலை. அக்கலையில் கைவேலையைக் காட்டிலும் கடினமானது உறுப்புகளைத் தேர்ந்தெடுப்பதே. இதனை நான் ஒரு தவற்றின் வாயிலாகக் கற்றேன்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் நான் பயின்ற காலத்தில், நண்பர் ஒருவரிடம் 1967ஆம் ஆண்டின் செவ்ரோலே கமாரோ கார் ஒன்று இருந்தது. காலஞ்சென்ற அவர் தந்தையார் புதிதாக வாங்கிய கார் அது. எட்டு சிலிண்டர்களும் 350 கன அங்குலக் கொள்ளளவும் உடைய அதன் இஞ்சினைப் புதுப்பிக்க நாங்கள் இருவரும் முற்பட்டோம்.

முதல் விதி, அளந்த பின்னரே வாங்க வேண்டும் என்பது. அந்த சிலிண்டரின் குறுக்களவு 4 அங்குலம். பல்லாண்டு உராய்வினால் அதன் சுவர் சீர்கெட்டிருந்தது. 0.03 அங்குலம் அகலமாகக் கடைந்தால் சுவர் சீராகும். அதற்கேற்ற பெரிய பிஸ்டன்களும் கிடைக்கும். ஆனால் கடைந்தெடுத்த இரும்பை மீண்டும் ஒட்டவைக்க இயலாது. ஆகவே தேய்மானம் நீங்கும் அளவுக்கு மேல் ஒரு நூலிழையும் கடைதல் ஆகாது.

இரண்டாவது, இன்றைய எரிபொருளை நினைவிற் கொள்ளுதல். இஞ்சின் பிறந்த நாளில் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்திருந்தது. அது பெட்ரோல் காலத்துக்கு முன்னரே வெடித்தெரியாமல் தடுத்தது. வால்வு அமரும் விளிம்பையும் தேயாமற் காத்தது. உடல்நலத்துக்குத் தீங்கானதால், 1996ஆம் ஆண்டில் அமெரிக்கச் சாலைகளில் ஓடும் கார்களுக்கு அது தடை செய்யப்பட்டது. ஆதலின் 10.25 ஆக இருந்த அழுத்த விகிதத்தை 9.5 ஆகக் குறைக்கும் பிஸ்டன்களைத் தேர்ந்தோம். வால்வுகள் அமரும் இடத்தில் கடினமான எஃகு வளையங்களைப் பதித்தோம்.

மூன்றாவது, கார்புரேட்டர். பெரிதாயின் நன்று என்று பலரும் எண்ணுவர். கணக்கிட்டுப் பாருங்கள். நான்கு வீச்சு இஞ்சின் இரு சுற்றுக்கு ஒரு முறையே தன் கொள்ளளவுக் காற்றை உள்ளிழுக்கும். நிமிடத்துக்கு 5,500 சுற்று என்றால், 350ஐ 2,750ஆல் பெருக்க வேண்டும். ஒரு கன அடிக்கு 1,728 கன அங்குலம். அதனால் வகுத்தால் ஏறத்தாழ 557 கன அடி வரும். ஆகவே 600 கன அடி அளிக்கும் கார்புரேட்டர் தாராளமாகப் போதும். மிகப் பெரியதைப் பூட்டினால், மெதுவாக ஓடும்போது காற்றின் வேகம் தளர்ந்து பெட்ரோல் சரிவரக் கலவாது.

இவ்வளவும் கணக்கிட்ட நான், காம்ஷாஃப்டைத் தேர்ந்தெடுக்கையில் மட்டும் ஆசைக்கு இடங்கொடுத்தேன். வால்வுகளை நெடுநேரம் திறந்துவைக்கும் பந்தய வகையை வாங்கினேன். முடுக்கியபோது இஞ்சின் சிங்கமெனக் கர்ஜித்தது. எங்கள் மகிழ்ச்சிக்கு எல்லையில்லை. ஆனால் அந்தக் காரின் பிரேக்குக்குத் துணைசெய்வது இஞ்சின் உள்ளிழுக்கும் குழாயில் தோன்றும் வெற்றிடம். பந்தயக் காம்ஷாஃப்ட், மெதுவான ஓட்டத்தில் அவ்வெற்றிடத்தைக் குறைத்துவிடும். முதல் நாளே, தெருமுனையில் நண்பர் பிரேக்கை மிதித்தார். அது கல்லாய் இறுகி நின்றது. இரு கால்களாலும் ஊன்றி மிதித்த பின்னரே, முன்னின்ற காருக்கு ஒரு சாண் தொலைவில் எங்கள் கார் நின்றது.

நண்பர் என்னைக் கடியவில்லை. "அப்பாவின் கார்" என்று மட்டும் சொன்னார். அந்த இரு சொற்கள் என்னை நாணச் செய்தன. அவ்வாரமே பந்தயக் காம்ஷாஃப்டைக் கழற்றி, சாலைக்கு உகந்த மிதமான ஒன்றைப் பூட்டினோம். கர்ஜனை குறைந்தது, பிரேக் மீண்டும் பணிந்தது.

மாணவ நண்பர்களே, ஓர் உறுப்பு தன்னளவில் சிறந்ததா என்று கேட்பது போதாது. அது மற்ற உறுப்புகளோடு ஒத்து வாழுமா, வண்டி செய்ய வேண்டிய பணிக்கு உதவுமா என்று கேளுங்கள். இஞ்சினின் வலிமை அந்த ஒற்றுமையிலேதான் இருக்கிறது.