உங்களுக்குத் தெரியுமா? சான் ரமோன் சுவரில் சென்னை வெயில் விழாது

ஜூன் மாத நண்பகலில் சென்னைச் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். ஏறத்தாழ 38 டிகிரி வட அட்சரேகையில் உள்ள கலிஃபோர்னியாவின் சான் ரமோனிலோ நண்பகல் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கேதான். ஜூனில் அடிவானத்திலிருந்து சுமார் 76 டிகிரி உயரத்தில் நிற்பது, டிசம்பரில் 29 டிகிரிக்கு இறங்கிவிடும். அதனால் குளிர்காலத்தில் தெற்கு ஜன்னல் வழியே வெயில் அறைக்குள் வெகுதூரம் நீளும். வடக்கு அறைக்குப் பெரும்பாலும் வானத்தின் நீலம் கலந்த வெளிச்சம்தான். பெயிண்ட் கடையில் பார்த்து மயங்கிய சாம்பல் நிறம் அங்கே நீலம் பாரித்து நிற்கும். சந்தனமோ வெண்ணெய் நிறமோ தப்பித்துக்கொள்ளும். மேற்கு அறையில் இளமஞ்சள் அடித்தால் மாலையில் கண் கூசும்.

கிழக்கு வாசல் தேடி வீடு வாங்குபவர்கள்கூட அறையின் திசைக்கேற்ப நிறம் மாறித் தெரிவதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை!

பல பெயிண்ட் கம்பெனிகளின் நிற அட்டையில் ‘எல்.ஆர்.வி.’ என்றொரு எண் இருக்கும். சுவர் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்பும் என்பதன் அளவு அது. கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100. இருண்ட அறைக்கு 60-க்கு மேல் பார்ப்பது நல்லது. சாம்பிளை இரவில் விளக்கைப் போட்டும் பாருங்கள். 2700 கெல்வின் பல்பின் மஞ்சள் ஒளியில் ஒரு நிறம், 6500 கெல்வின் வெள்ளை ஒளியில் வேறு நிறம்.

வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு அமெரிக்கா 1978-இல் தடை போட்டது. அதற்கு முன் கட்டிய வீடென்றால் பழைய பூச்சைச் சுரண்டும் முன் சோதித்துவிடுங்கள். சான் ரமோனின் டோஹர்ட்டி வேலிப் பகுதியில் உள்ள புது வீடுகளுக்கு அந்தக் கவலை இல்லை.