பெயரறியாக் குழந்தையின் தாய்வழி

குலமரபை ஆராய்வோர் பெரும்பாலும் ஒருவருடைய மக்களிலும் பேரரிலுமிருந்தே பின்னோக்கிச் செல்வர். மழலைப் பருவத்தில் மாண்ட குழந்தைக்கோ வழித்தோன்றல் இல்லை. சிலவேளை பெயரும் இல்லை. அத்தகைய குழந்தையொன்றின் குடியைக் கண்டறிதல் எத்துணை அரிது என்பதற்குக் கனடாவின் ஹலிபக்ஸ் நகரிலுள்ள கல்லறையொன்று சான்றாகும்.

1912 ஏப்பிரல் 15 இல் ரைற்றானிக் கப்பல் அத்திலாந்திக் கடலில் மூழ்கியது. உடல்களை மீட்கச் சென்ற மக்கே-பெனற் என்னுங் கப்பலின் மாலுமிகள் நான்காவதாக எடுத்தது ஓர் ஆண்குழந்தையின் உடல். உரிமை கோருவார் எவருமிலர். மாலுமிகளே மே 4 இல் அதனை அடக்கஞ் செய்வித்துத் தம் செலவிற் கல்லும் நாட்டினர். பெயர் தெரியாத குழந்தையென்றே அதிற் பொறிக்கப்பட்டது.

2001 இற் கல்லறை திறக்கப்பட்டபோது எஞ்சியிருந்தவை ஒரு சிறிய எலும்புத் துண்டும் மூன்று பற்களுமே. கலத்தின் கருவிலுள்ள டி.என்.ஏ. தாய் தந்தை இருவரிடமிருந்தும் வருவது. பழைய எலும்பில் எளிதிற் கிட்டாதது. இழைமணியிலுள்ளதோ தாயிடமிருந்து மட்டுமே வருவது. ஒவ்வொரு கலத்திலும் மிகப் பல படிகளாக இருத்தலின் நெடுங்காலம் எஞ்சக் கூடியது. தாய் அதனை மகனுக்கும் மகளுக்கும் அளிப்பாள். மகனோடு அது நின்றுவிடும். ஆதலின் குழந்தையின் தாயினுடைய சகோதரி, அவள் மகள், அம்மகளின் மகள் என இடையறாப் பெண்வழியில் வந்து இன்று வாழும் ஒருவரைத் தேடிப் பிடித்தல் வேண்டும். மேனாட்டில் விவாகத்தோடு பெண்ணின் குடும்பப்பெயர் பெரும்பாலும் மாறிவிடும். ஆகையால் தலைமுறைதோறும் பிறப்பு, விவாகப் பதிவேடுகளை ஒப்புநோக்கியே செல்லல் வேண்டும். ஆண்வழியிற் பல தலைமுறை தடையின்றிச் செல்லும் ஆய்வாளனும் பெண்வழியில் இரண்டு மூன்று தலைமுறையிலேயே திகைத்து நிற்பதுண்டு.

குழந்தை சுவீடனைச் சேர்ந்த கோஸ்ரா போல்சன் என முன்னர்க் கருதப்பட்டது. ஒப்பீடு அதனை மறுத்தது. 2002 இல், பின்லாந்தைச் சேர்ந்த 13 மாதக் குழந்தை ஏனோ பனுலா என அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே வேறொரு பொருள் வெளிவந்தது. இறந்தோரின் உடைகள் எரிக்கப்பட்டபோது, ஹலிபக்ஸ் பொலிஸ் சார்ஜன்ற் ஒருவர் அக்குழந்தையின் சிறு பாதணிகளை எரிக்க மனமின்றி வைத்திருந்தார். அவர் வழிவந்தோர் அவற்றை நூதனசாலைக்கு அளித்தனர். 13 மாதக் குழந்தைக்கு அவை பெரியனவாயிருந்தன!

மீண்டும் சோதித்தபோது உண்மை தெரிந்தது. முதலில் ஆராய்ந்த பகுதி பனுலா குடும்பத்துக்கும் இங்கிலாந்தின் குட்வின் குடும்பத்துக்கும் ஒன்றாகவே இருந்தது. ஏனைய பகுதிகளிலேதான் வேறுபாடு. தாய்வழிச் சான்று ஒரு குடும்பத்தை விலக்குதற்கு வல்லது; இன்ன குடும்பமே என நிறுவுதற்கு அத்துணை வலியதன்று. தொன்மையான ஒரே தாயின் வழிவந்தோர், ஒருவரையொருவர் அறியாமலே, பல நாடுகளிற் பரந்திருத்தல் கூடும். ஆய்வுகூடத்தின் முடிவைத் திருத்தியது ஒரு சோடி தோற்பாதணி என்பது மறக்கற்பாலதன்று.

2007 இல் அக்குழந்தை 19 மாதச் சிட்னி லெஸ்லி குட்வின் என அறிவிக்கப்பட்டது. தாய் தந்தையரும் உடன்பிறந்தார் ஐவரும் அவ்விபத்திலேயே மாண்டனர். அவர்களில் வேறெவருடைய உடலும் அடையாளங் காணப்படவில்லை. 2008 இல் உறவினர் அக்கல்லறையருகே கூடி நினைவுகூர்ந்தனர். மாலுமிகள் நாட்டிய கல் இன்றும் அங்கேயே உளது.