அளுவிகாரையும் மனப்பாடமும்

மாத்தளை நகருக்குச் சற்று வடக்கே, ஏ9 வீதியோரம், பாறைகளுக்கிடையே இருக்கிறது அளுவிகாரை. பௌத்த மறைநூல்களின் தொகுப்பான திரிபிடகம் முதன்முதலில் ஏட்டில் ஏறியது இங்கேதான் என்பது மரபு. காலம் கி.மு. முதலாம் நூற்றாண்டு; மன்னன் வலகம்பா.

அதுவரை அத்தனை நூலும் பிக்குமார் மனத்தில்தான் இருந்தது. ஒருவரே முழுவதையும் சுமக்க முடியுமா? ஆளுக்கொரு பகுதி என்று பிரித்துக்கொண்டு, குழுவாக ஓதி ஓதிக் காத்தார்கள். பிழை விட்டால் பக்கத்திலிருப்பவர் திருத்திவிடுவார்.

பிறகு வந்தன போரும் கொடும் பஞ்சமும். மலைநாட்டில் ஒதுங்கிய பிக்குமார் கிழங்கும் இலையும் தின்று, உட்காரவும் தெம்பில்லாதபோது மணல்மேட்டில் தலைசாய்த்தபடியே ஓதினார்களாம். பாலி உரைநூல்கள் சொல்லும் இன்னொரு செய்தி இதைவிடச் சுவையானது: ஒரு நூல் ஒரேயொரு பிக்குவுக்குத்தான் மனப்பாடம். அவரோ ஒழுக்கம் கெட்டவர். ஆனாலும் முகம் சுளித்துக்கொண்டே மற்றவர்கள் அவரிடம் போய்ப் பாடம் கேட்டார்கள். வேறு வழி?

இனி நினைவை மட்டும் நம்பினால் சரிவராது என்றுதான் எழுத்தாணியை எடுத்தார்கள். தாளிப்பனைக் குருத்தோலையை அவித்து, உலர்த்தி, கீறி, மை தடவித் துடைத்தால் எழுத்துத் துலங்கும்.

ஏட்டுக்கும் ஆபத்து வராமலில்லை. 1848 மாத்தளைக் கிளர்ச்சியின்போது விகாரையின் நூலகம் அழிந்தது. ஓலையில் எழுதும் முறையை அங்கே இன்றும் செய்து காட்டுகிறார்கள். தம்புள்ளைப் பக்கம் போகிறவர்கள் இறங்கிப் பார்த்துவிட்டுப் போங்கள்.