சொன்னால் மட்டும் போதுமா? தொடர்புத் திறன் பயிற்சி தரும் பாடங்கள்

திட்டம் வகுக்கப்படுகிறது, நிதி ஒதுக்கப்படுகிறது, ஆணையும் பிறப்பிக்கப்படுகிறது. ஆயினும், அதன் பயன் யாரைச் சேர வேண்டுமோ அவருக்குச் செய்தி எட்டவில்லையெனில், அத்திட்டம் ஏட்டளவிலேயே நின்றுவிடும். இந்த இடைவெளியைக் குறைக்கும் திறனை வளர்ப்பதே தொழில்முறைத் தொடர்பியலின் நோக்கமாகும். பொறியியல், வேளாண்மை, மேலாண்மை போன்ற படிப்புகளில் இது ஒரு பாடமாக இடம்பெற்றுள்ளது. கடிதமும் அறிக்கையும் பிழையின்றி எழுதக் கற்பதே இதன் முழுப்பயன் என்று மாணவர் எண்ணக்கூடும். உண்மையில் இது கற்றுத்தருவது அதனினும் பெரிது.

நான்கு ‘உரிய’

மானியம் பற்றி ஓர் அறிவிப்பு எழுதும் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். மாணவர் ஒருவர் இவ்வாறு எழுதுகிறார்: “தகுதியுடைய விவசாயிகள் உரிய படிவத்தில், உரிய ஆவணங்களுடன், உரிய காலத்திற்குள், உரிய அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும்.” இதில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆனால் எந்தப் படிவம், எவ்வெவ் ஆவணங்கள், எந்த நாளுக்குள், எந்த அலுவலரிடம் என்ற நான்கு வினாக்களுக்கும் இதில் விடை இல்லை. விடை தேடி விவசாயி அலுவலகத்திற்கு நடக்கும் ஒவ்வொரு நாளும் அவருக்கு வேலையிழப்பு. கடைசி நாள் கடந்துவிட்டாலோ மானியமே இழப்பு.

‘உரிய’ என்ற சொல்லை நீக்கி எழுதுமாறு ஆசிரியர் கூறும்போதுதான், அந்த விவரங்கள் தமக்கே தெரியாது என்பதை மாணவர் உணர்கிறார். தெளிவற்ற சொல் பல வேளைகளில் தெளிவற்ற சிந்தனையின் அடையாளமே. எழுத்தைத் திருத்துவது நிருவாகத்தையும் திருத்துவதாகும் என்பதே இப்பயிற்சியின் முதற்பாடம்.

கேட்டவர் செய்து காட்டட்டும்

1971-ஆம் ஆண்டு வங்காளதேச விடுதலைப் போரின்போது, மேற்கு வங்கத்திலுள்ள பங்கான் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பு வழியாகச் செலுத்தும் திரவம் போதாத நிலையில், டாக்டர் திலீப் மகாலனபிஸ் உப்புகளும் குளுக்கோசும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்க ஏற்பாடு செய்தார். நோயாளிகளின் உறவினர்களே அதைப் புகட்டினர். எளிய முறையில் சொல்லிக்கொடுத்தால், உயிர்காக்கும் சிகிச்சையைச் சாதாரண மக்களும் அளிக்க முடியும் என்பது அங்கு மெய்ப்பிக்கப்பட்டது.

ஆனால் செய்தி சிதைந்தால் மருந்தே தீங்காகும். 20.5 கிராம் கொண்ட உப்பு-சர்க்கரைப் பொட்டலத்தை 1 லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். ஒரு குவளை நீரில் கரைத்துக் கொடுத்தால், உப்பு மிகுந்து குழந்தைக்கு ஆபத்து நேரிடலாம். “புரிந்ததா?” என்று கேட்டால் “புரிந்தது” என்றே பெரும்பாலும் விடை வரும். “கலந்து காட்டுங்கள்” என்று கேட்பதே சரியான சோதனை. வங்காளதேசத்தில் பிராக் நிறுவனம் 1980-இல் தொடங்கிய வீட்டுக்கு வீடு பயிற்சி இயக்கத்தில், கற்றவற்றைத் தாய்மார்கள் எவ்வளவு நினைவில் வைத்திருந்தனர் என்பதைப் பொறுத்தே பணியாளருக்கு ஊதியம் வழங்கப்பட்டது. எவ்வளவு சொல்லப்பட்டது என்பதைவிட எவ்வளவு சென்று சேர்ந்தது என்பதே அங்கு அளவுகோலாயிற்று.

கருவியும் மக்களும்

நவீன சாதனங்கள் வந்துவிட்டால் இச்சிக்கல் தீர்ந்துவிடும் என்று கருதுவது தவறு. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை நடைபெற்ற செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகளைக் கொண்டு சென்றது. ஒரே நிகழ்ச்சி பல வட்டாரங்களுக்குப் பொதுவாக அமையும்போது, உள்ளூர்ப் பேச்சும் பயிரும் பழக்கமும் அதில் இடம்பெறுவது அரிது. அதே காலத்தில் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் தொடங்கிய தொலைக்காட்சித் திட்டம், அம்மாவட்ட மக்களின் பிரச்சினைகளையே நிகழ்ச்சிகளாக்கி, மக்களையும் அவற்றில் பங்கேற்கச் செய்தது. 1984-இல் யுனெஸ்கோவின் கிராமியத் தொடர்புக்கான பரிசு அதற்குக் கிடைத்தது. கேட்பவரை அறிந்த பின்னரே பேச வேண்டும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

சட்டத்தின் கட்டளை

அதிகாரிகளைப் பொறுத்தவரை தெளிவு என்பது விருப்பத்தைப் பொறுத்ததன்று. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, பொது அமைப்புகள் தாமாகவே தகவல்களை வெளியிட வேண்டும் என்கிறது. அவற்றைப் பரப்பும்போது செலவு, உள்ளூர் மொழி, அப்பகுதிக்கு மிகவும் ஏற்ற தொடர்பு முறை ஆகியவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும், நிருவாக முடிவுகளால் பாதிக்கப்படுவோருக்குக் காரணங்களைத் தெரிவிக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது.

தொடர்புத் திறனுக்கும் எல்லை உண்டு. மருந்தில்லாத சுகாதார நிலையத்தைச் சிறந்த சுவரொட்டியால் ஈடுசெய்ய முடியாது. அதேபோல், மருந்து இருந்தும் அதன் அளவு தெரியாத தாய்க்கு அம்மருந்தால் பயனில்லை. எனவே, நாளை கோப்புகளில் கையெழுத்திடவிருக்கும் மாணவர், ஒவ்வொரு அறிவிப்பையும் வெளியிடுமுன் ஒரு வினாவை எழுப்பிப் பார்ப்பது நன்று: இதைப் படிப்பவர், யாரையும் கேட்காமல், அடுத்துச் செய்ய வேண்டியதைச் செய்ய முடியுமா? முடியும் என்ற விடை கிடைக்கும்வரை அந்த வரைவு முற்றுப்பெறவில்லை என்றே கொள்ள வேண்டும்.