சன்னலுக்குக் கடன் வாங்குமுன்

சென்ற கோடையில் ஸ்ரீவராகத்தைச் சேர்ந்த வாடிக்கையாளர் ஒருவர் எம் கிளைக்கு வந்தார். பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. கையில் ஒரு விலைப்புள்ளி. வீட்டின் ஒன்பது சன்னல்களையும் அகற்றிவிட்டு, இரட்டைக் கண்ணாடி பொருத்திய யூ.பி.வி.சி. ஸ்லைடிங் சன்னல்களை வைக்க மூன்று லட்சம் ரூபாய் ஆகும் என்று அதில் கண்டிருந்தது. மின்கட்டணம் பெருமளவு குறையும் என்று விற்பனையாளர் உறுதி கூறியிருந்தாராம்.

"இப்போது இரண்டு மாதத்துக்கு எவ்வளவு கட்டுகிறீர்கள், டீச்சர்?" என்று கேட்டேன்.

"மூவாயிரத்து நானூறு" என்றார்.

மூன்று லட்சத்தை 10 விழுக்காடு வட்டியில் ஐந்து ஆண்டுகளில் அடைப்பதாயின், மாதத் தவணை ஏறத்தாழ ரூ.6,374 ஆகும். வட்டியாக மட்டும் ரூ.82,000-க்கு மேல் செலுத்த நேரும். அவருடைய மாத மின்செலவோ ரூ.1,700. அச்செலவு அடியோடு இல்லாமற் போனாலும் தவணையில் மூன்றில் ஒரு பங்கு கூடத் தேறாது. கடன் வழங்குவது எம் தொழில்தான். எனினும் இக்கணக்கை அவரிடம் மறைக்க மனம் ஒப்பவில்லை.

இரட்டைக் கண்ணாடி தீய பொருளன்று. உள்ளுக்கும் வெளிக்கும் வெப்பநிலை வேறுபாடு மிகுந்த குளிர்நாடுகளில் அது தன் விலையை ஈட்டித் தந்துவிடும். திருவனந்தபுரத்தில் வெளியே 32 பாகை, குளிரூட்டிய அறையில் 26 பாகை என்று கொள்வோம். 20 சதுர அடி ஒற்றைக் கண்ணாடி வழியே இவ்வேறுபாட்டால் உட்புகும் வெப்பம் சுமார் 65 வாட். இரட்டைக் கண்ணாடி அதில் பாதியைத் தடுக்கும். ஆனால் அதே சன்னலில் மாலை வெயில் நேரே விழுமானால், உட்புகும் வெப்பம் 700 வாட்டை எட்டும். இரட்டைக் கண்ணாடி நிறமற்றதாக இருந்தால், இவ்வெயிலின் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். ஆகவே இவ்வூரில் பணத்தை முதலில் செலவிட வேண்டிய இடம் நிழல்.

அந்நிழலையும் திசையறிந்து அமைக்க வேண்டும். நம் நகரம் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே எட்டரைப் பாகையில் உள்ளது. ஜூன் மாத நண்பகலில் கதிரவன் உச்சிக்கு வடக்கே 15 பாகை சாய்ந்தும், டிசம்பரில் தெற்கே 32 பாகை சாய்ந்தும் நிற்கும். எனவே வடக்குச் சன்னலுக்கும் தெற்குச் சன்னலுக்கும் சன்ஷேடு தேவை, அதுவே போதும். மேற்கில் அது போதாது. தாழ்ந்து வரும் மாலை வெயில் சன்ஷேடுக்குக் கீழே நுழைந்துவிடும். அங்கே திண்ணைக் கூரை, மூங்கில் தட்டி, சாய்வுப் பலகைக் கதவு, ஒரு மரம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று வேண்டும். தென்மேற்குப் பருவமழையின் சாரலையும் இவையே தாங்கும்.

அடுத்தது காற்று. மத்திய மின்துறை அமைச்சகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்னும் குடியிருப்புக் கட்டட நெறி, வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில் திறக்கக்கூடிய பரப்பு தரைப்பரப்பில் 16.66 விழுக்காடேனும் இருக்க வேண்டும் என்கிறது. சிறு மனைகளை அந்நெறி கட்டுப்படுத்தாது. ஆயினும் நல்ல அளவுகோல். 600 சதுர அடி வீட்டிற்கு 100 சதுர அடி திறப்பு வேண்டும். நான்கடிக்கு ஐந்தடியாக ஐந்து சன்னல்கள் வைத்தால் சுவரில் விடும் இடம் சரியாக 100 சதுர அடி. ஆனால் இரு பலகை ஸ்லைடிங் சன்னல் பாதிதான் திறக்கும், கிடைப்பது 50. கீலில் திறக்கும் சன்னலாயின் 90. பார்வைக்கு அழகாயிருக்கிறது என்று ஸ்லைடிங் வாங்குவோர் பாதிக் காற்றை விலை கொடுத்து அடைக்கிறார்கள் என்பது என் கருத்து. கொசுவலையை மறந்துவிட வேண்டா. அந்தி சாய்ந்ததும் கொசுவுக்கு அஞ்சிச் சன்னலைச் சாத்துவதால்தான் பல வீடுகளில் இரவில் குளிர்சாதனம் ஓடுகிறது.

மரமா, இரும்பா, யூ.பி.வி.சி.யா என்பது இவற்றுக்குப் பின் எழும் கேள்வி. கடல் சில கிலோமீட்டரில் இருப்பதால் மட்டமான இரும்புக் கீல்கள் விரைவில் துருப்பிடிக்கும். அலுமினியம் வெப்பத்தை எளிதில் கடத்தும். ஆஞ்சிலி மரம் உறுதியானது. இடிக்கப்படும் பழைய வீடுகளின் கதவு, நிலைகளை வாங்கிச் செப்பனிட்டும் பயன்படுத்தலாம். இந்நகரிலேயே வாழ்ந்து 2007-இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இதைத் தயங்காமல் செய்தவர். சன்னல், அது நிற்கும் இடத்துச் சுவரைவிடப் பல மடங்கு செலவு வைக்கும் என்று சொல்லி, இயன்ற இடங்களிலெல்லாம் செங்கற்களை இடைவெளிவிட்டு அடுக்கிய சல்லடைச் சுவரையே எழுப்பினார். உள்ளூரில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களில் இன்றும் அவற்றைக் காணலாம்.

வெளிக்கதவைப் பொறுத்தவரை அதிகம் சொல்வதற்கில்லை. வாசற்கதவை நல்ல மரத்தில் செய்யலாம். புறவாசலுக்குச் சாரலில் ஊறி உப்பாத பொருள் எதுவும் போதும். அடிப்பகுதி இடைவெளியை மட்டும் கவனிக்க வேண்டும்.

ஆசிரியை இறுதியில் வாங்கியது ரூ.80,000. மூன்று ஆண்டுகளுக்கு மாதம் சுமார் ரூ.2,581. மேற்குச் சன்னல்களுக்கு வெளியே சாய்வுப் பலகைக் கதவுகள், வீடு முழுவதும் கொசுவலை, குளிர்சாதன அறையின் சன்னலுக்கு மட்டும் காற்றுப் புகாத ரப்பர் விளிம்பு ஆகியவற்றை அமைத்துக்கொண்டார். பழைய மரச்சட்டங்கள் அப்படியே நிற்கின்றன.

பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்கள், தாம் குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கப் பெற்ற கடனின் வட்டியில் ஆண்டுக்கு ரூ.30,000 வரை கழிவு கோரலாம். வங்கியின் வட்டிச் சான்றிதழைக் கேட்டுப் பெறுக. விலைப்புள்ளியில் கண்ணாடியின் தடிமன், திறக்கும் முறை, கீலின் உலோகம், கொசுவலை, உத்தரவாதக் காலம் ஆகியவை எழுத்தில் இருக்கட்டும். ஒப்பந்ததாரருக்குத் தரவேண்டிய தொகையில் பத்தில் ஒரு பங்கை நிறுத்தி வைத்து, சன்னல்மீது ரப்பர் குழாயால் பத்து நிமிடம் நீர் பாய்ச்சிப் பார்த்த பின்னரே கொடுங்கள்.